பென்சில் கோட்டுக்குக் கீழே ஐந்து பேர்

தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, பேச்சாளரின் முகத்தைப் பாராமல் தமது கைக்கடிகாரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வாசிகசாலைத் தலைவர் செல்வநாயகம் அண்ணை அவர்களே! மேடைக்குக் கிடைத்த ஒரேயொரு மின்விசிறியின் காற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அதிபர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே! தொண்டைமானாற்றில் வலையைக் காயப்போட்டுவிட்டு, உப்புக் காற்றையும் கையோடு கூட்டிவந்திருக்கும் உழைப்பின் உடன்பிறப்புகளே! நெல்லியடிச் சந்தையில் கடைக் கதவை நேரத்தோடு இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! பருத்தித்துறை பஸ்ஸிலும் நின்று, இங்கே மண்டபத்திலும் நிற்கின்ற இளஞ்சிங்கங்களே! பெற்ற பிள்ளையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஒரே குரலில் அதட்டத் தெரிந்த அன்னையரே! கடல் கடந்து போயும் கருத்தால் எம்மைக் கடவாமல், நேரலையில் நோக்கிக்கொண்டிருக்கும் ரொறொன்ரோ, ஒஸ்லோ, இலண்டன் வாழ் உறவுகளே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையின் நடுவில், கத்தரிப்பூ நிறச் சேலையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் பத்மா மிஸி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இரு கரம் கூப்பி, சிரம் தாழ்த்தி, மனம் நிறைந்து வணக்கம் சொல்கிறேன்.

ஜஸ்ரின் தம்பி, மைக் கூவுது. கொஞ்சம் குறை... ஆ, இப்ப சரி. நல்லா இருப்பாய் ராசா.

என் பெயர் தயாளினி. முப்பத்து மூன்று ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தவள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை, மன்னர்கள் ஆண்ட ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்து மண்டை காய வைத்தவள். என்ன? பின்னாலை ஆர் ‘ஓம்’ எண்டது? கோகுலன்தானே? எழும்பாதை, இரு. உனக்கு நான் போட்ட நாற்பத்திரண்டு புள்ளி இண்டைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

சிரியுங்கள், சபையோரே, நன்றாகச் சிரியுங்கள்! இன்று சிரிக்க வேண்டிய நாள். இந்த வாசிகசாலை கட்டி முடித்த காலந்தொட்டு இத்தனை கதிரைகள் நிறைந்ததை நான் கண்டதில்லை. இங்கே ஒரு படம் காட்டப்பட இருக்கிறது. பன்னிரண்டு நிமிடப் படம். உயர்தர வகுப்பில் படிக்கும் ஆரபியும் கிருஷாந்தும், ஒரு கைத்தொலைபேசியையும் ஓயாத வாயையும் மட்டுமே முதலாக வைத்து எடுத்த படம். எங்கள் ஊர்ப் பாடசாலையில், சாதியின் பேரால், வாங்குப் பலகையில் இடம் மறுக்கப்பட்டு நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளின் கதை.

ஆனால் அந்தப் படம் ஓடுமா, ஓடாதா என்பது இந்த நிமிடம் வரை முடிவாகவில்லை! ஆம். பத்மா மிஸி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நான் இந்த மைக்கில் ஒரு விடயத்தை என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் படம். சொல்லாவிட்டால் நீங்கள் எல்லோரும் றோல்ஸைச் சாப்பிட்டு, பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மிஸி தலையாட்டுறா. பாத்தியளோ? பகிடி இல்லை.

அந்த விடயம் என் தந்தையாரைப் பற்றியது. இன்று காலையில்கூட என் தம்பி சிவரூபன் இலண்டனிலிருந்து அழைத்தான். “அக்கா, அப்பாவைச் சந்தியிலை இழுக்கப்போறியோ? சொன்னியெண்டால் இனி என்னோடை கதைக்காதை” என்றான். தம்பி, நீயும் இப்போது பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உனக்கும் வணக்கம், ராசா. நிறுத்திப்போட்டுப் போகாதை. முழுக்கக் கேள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரை விடுமுறையில் ஒருநாள் ஆரபி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ரீச்சர், எங்கடை ஊர்ச் சரித்திரத்தைப் படமாச் செய்யப்போறம். உங்கடை விறாந்தையிலை மாட்டியிருக்கிற பழைய பள்ளிக்கூடப் படத்தைப் போனிலை எடுக்கலாமோ?” என்றாள். கேட்க வேண்டுமா? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எடு பிள்ளை, எத்தனை வேணுமெண்டாலும் எடு என்று, தேத்தண்ணியும் கொடுத்து, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் படம் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டுப் படம். பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. முன்னால் ஒரு வரிசை வாங்கில் இருக்கிறது. நட்டநடுவில், கைபிடித்த கதிரையில், சால்வையும் கோட்டுமாக, கம்பீரமே உருவாக என் தந்தையார் சிவசுப்பிரமணியம், பாடசாலையின் தலைமை ஆசிரியர். படத்தைச் சுற்றிய மட்டையில் ‘நிற்போர்’, ‘இருப்போர்’ என்று தலைப்பிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரும் முத்து முத்தாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பழைய பள்ளிப்படம் இருந்தால் அது இப்படித்தானே இருக்கும்? அதில் தன் தகப்பனைத் தேடிப்பிடித்துக் காட்டாதவர் யார்? காட்டிப் பெருமைப்படாதவர் யார்?

பிள்ளைகள் அதை வைத்து ஒரு நாலு நிமிடப் படம் செய்தார்கள். ‘எங்கள் ஊரின் பொற்காலம்’ என்று பெயர். வீணை இசை! பனங்கூடலுக்கு மேலே பறக்கும் ட்ரோன்! எல்லாப் பிள்ளைகளும் ஒரே குடும்பமாய்ப் படித்த கல்விக்கோயில் என்று ஆரபியின் தேன்குரல்! என் தந்தையாரின் முகம் எட்டுத் தரம் கிட்டவந்து பெரிதாகியது. எட்டுத் தரமும் நான் அழுதேன். ஒன்பதாந்தரம் வந்திருந்தால் அதற்கும் அழுதிருப்பேன்.

அந்தப் படத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரம் இதே மண்டபத்தில் இருபது பேருக்குப் போட்டுக்காட்டினார்கள். அந்த இருபது பேரில் ஒருவராக வந்து உட்கார்ந்திருந்தார் பத்மா மிஸி.

மிஸியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாகச் சேவை செய்து, அதனாலேயே ஊருக்கெல்லாம் ‘மிஸி’ ஆனவர். எறிகணை விழுந்த நாளிலும் சைக்கிளில் வேலைக்குப் போனவர். இந்தச் சபையில் ஊசிக்குப் பயந்து ஓடியவர்களையும் ஓடவிடாமல் பிடித்தவர். உங்களில் எத்தனை பேரை இந்த உலகத்துக்கு முதன்முதலாகத் தூக்கிக் காட்டிய கை அது! அங்கே பாருங்கள், அதிபர் ஐயா கை உயர்த்துகிறார். அவரையுமாம்!

படம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மிஸி மட்டும் தட்டவில்லை. எழும்பி நின்று, ஒரு கோபமும் இல்லாத குரலில் கேட்டார்:

“படம் வடிவாத்தான் இருக்கு பிள்ளையள். ஆனால் நான் எங்கை?”

ஆரபிக்கு ஒரே சந்தோசம். “நீங்களும் இந்தப் படத்திலையோ மிஸி? எந்தப் பக்கம்?” என்று ஓடிவந்தாள்.

“நிலத்திலை. நாங்கள் அஞ்சு பேர் முன்னாலை நிலத்திலை இருந்தனாங்கள். அந்த வரிசையை எங்கை விட்டனீங்கள்?”

கிருஷாந்துக்கு முகம் வெளிறிவிட்டது. படத்தை வெட்டி ஒட்டுபவன் அவன்தானே! “நான் ஒண்டும் வெட்டேல்லை மிஸி! சன்னதியான் சத்தியம்! ரீச்சர் வீட்டுச் சுவரிலை இருந்ததை அப்பிடியே எடுத்தனான்!” என்றான். உடனே இருபது பேரின் நாற்பது கண்களும் யாரைத் தேடின? என்னைத்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முப்பத்து மூன்று ஆண்டு சரித்திரம் படிப்பித்த நான், மூலத்தைத் தேடு, சான்றைத் தேடு, சாட்சியத்தைத் தேடு என்று முழங்கிய நான், என் முன்னால் சாட்சி எழும்பி நின்றபோது என்ன சொன்னேன்? “அது வேறை ஏதும் படமா இருக்கும் மிஸி” என்றேன்.

மிஸி வாதாடவில்லை. “இருக்கும்” என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர் எனக்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிள்ளைகள் விடவில்லை. சட்டத்தைக் கழற்றிப் பார்ப்போம் ரீச்சர் என்று நச்சரித்தார்கள். நான் சாட்டுச் சொல்வதில் பட்டம் பெற்றவள் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. முதல் கிழமை, கண்ணாடி உடைந்துவிடும் என்றேன். இரண்டாம் கிழமை, மூட்டு வலி என்றேன். மூட்டு வலிக்கும் படச்சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் அவர்களும் கேட்டார்கள்! மூன்றாம் கிழமை அட்டமி, நவமி என்றேன். நாலாம் கிழமை ஆரபி வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“ரீச்சர், நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? மூலத்தைப் பாக்காமல் எழுதினால் அது சரித்திரம் இல்லை, கட்டுக்கதை எண்டு.”

சரியாகப் படிப்பித்ததற்குத் தண்டனை! என்ன செய்ய? உள்ளே வா என்றேன்.

சாப்பாட்டு மேசையில் படத்தைக் கவிழ்த்து வைத்தோம். கிருஷாந்த் குறடு கொண்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மட்டை வந்தது. பழைய பத்திரிகைத் தாள் வந்தது. பிறகு படம் வந்தது. அதன் கீழ்ப்பக்கம், நாலு விரல் அகலத்துக்கு, பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பின் ஓரமாக, அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு பென்சில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், சட்டம் போடுபவனுக்கு ஒரு குறிப்பு: ‘இந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் தெரியட்டும்.’

அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. என் கொப்பிகளில் ‘மிக நன்று’ என்று எழுதிய கையெழுத்து அது. நான் பள்ளிக்கூடம் போகாமல் காய்ச்சலாய்க் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பாடம் எழுதித் தந்த கையெழுத்து அது. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு வலித்தது, சபையோரே. வேறு எப்படிச் சொல்வது? வலித்தது.

கிருஷாந்த் மடிப்பை விரித்தான். வெடித்துவிடாமல், வேர்த்த விரலால், மெதுவாக, மெதுவாக விரித்தான். ஐந்து பிள்ளைகள்! சாக்குத் துண்டுகளின்மேல் சப்பாணி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி, ஐந்து பிள்ளைகள். மட்டையில் பெயர் இல்லாத ஐந்து பிள்ளைகள். அவர்களில் ஒரு சின்னப் பெண், ஒரு கையால் தன் இடது காதைப் பொத்திக்கொண்டு கமெராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஏன் காதைப் பொத்துகிறது? அதுதான் நான் சொல்ல வேண்டிய விடயம். சொல்வேன், சொல்வேன்.

செல்வநாயகம் அண்ணை, கடிகாரத்தைத் தட்டாதையுங்கோ. எனக்கு விளங்குது. இன்னும் கொஞ்சம்.

அன்றே ஆரபியும் கிருஷாந்தும் மிஸியின் வீட்டுக்கு ஓடினார்கள். பொற்காலத்தைத் தூக்கி எறிந்தார்கள். வீணையை நிறுத்தினார்கள். ட்ரோனை இறக்கினார்கள். “மிஸி, நீங்கள் கதையுங்கோ. நாங்கள் பிடிக்கிறம்” என்றார்கள். மிஸி கதைத்தார். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் சொல்லாத கதையை, ஒரு கைத்தொலைபேசிக்குச் சொன்னார்.

மற்ற நாலு பேரும் யார்? மிஸிக்குச் செல்லப் பெயர்கள்தான் ஞாபகம். ஊரும் இல்லை, உறவும் இல்லை, இடப்பெயர்வு எல்லோரையும் எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. அப்போது பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பெரிதாக்கி, மிஸியின் குரலில் ‘இவரைத் தெரியுமோ?’ என்று ஒரு கேள்வியை அதன்மேல் ஏற்றி, வட்ஸ்அப்பில் பறக்கவிட்டார்கள். காலையில் இங்கிருந்து புறப்பட்ட முகம் மத்தியானத்துக்கு முன் ஒஸ்லோவில் நின்றது! பின்னேரம் ரொறொன்ரோவில் கதவைத் தட்டியது! எந்த விசா கேட்டது? எந்தச் சோதனைச் சாவடி மறித்தது?

முதல் பதில் ரொறொன்ரோவிலிருந்து வந்தது. இரத்தினவேல்! அங்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பதினொரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். அதில் ஒன்பது நிமிடம் சிரிப்பு. கிளித்தட்டு விளையாட்டில் மிஸியைத் தான் ஒருநாளும் பிடிக்க முடியாமல் போனதை அறுபத்தொரு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறார்! இரண்டாவது, வவுனியாவிலிருந்து தெய்வானை. படத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “ஐயோ, அந்தச் சட்டை என்ரை இல்லை! மச்சாளின்ரை!” மூன்றாமவர் சிவக்கொழுந்து. அவர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஒஸ்லோவிலிருந்து எழுதினாள்: தன் தகப்பனின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட வீட்டில் இருந்ததில்லை, அவர் சின்னப் பிள்ளையாக இருந்தார் என்பதையே இன்றுதான் கண்டதாக. அதைப் படிக்கும்போது எங்கள் கிருஷாந்த், பெரிய ஆம்பிளை, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான்.

நாலாவது பெயர் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. கடைசியில் கிடைத்தது. மாணிக்கராசா! முல்லைத்தீவு! இன்று அதிகாலை பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வந்து, அந்த மூன்றாம் வரிசையில், மீசையை முறுக்கியபடி இருக்கிறாரே, அவர்தான்! எழும்புங்கோ ஐயா! கை தட்டுங்கள், சபையோரே! பலத்துத் தட்டுங்கள்! பருத்தித்துறைத் துறைமுகம் வரை கேட்கட்டும்!

ம்... இருங்கோ, இருங்கோ. அவருக்கு வெக்கமா இருக்காம்.

இதைத்தான் கதை சொல்லும் புதுவழி என்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் என் கையில் இருந்த பாடப்புத்தகத்தில் இந்த ஐந்து பேருக்கு இடம் இருந்ததா? இல்லை! மன்னருக்கு இடம் இருந்தது. மாளிகைக்கு இடம் இருந்தது. போருக்கு இடம், பட்டத்து யானைக்கும் இடம்! மழை ஒழுகிய மூலையில் சாக்கில் இருந்து ‘அ’ எழுதிய பிள்ளைக்கு ஒரு வரி உண்டா? புத்தகம் தராத இடத்தை உள்ளங்கை அகலத் தொலைபேசிக் கண்ணாடி தந்தது. நான் எழுதினால் என் சொல்லில்தான் எழுதுவேன். அந்தக் கண்ணாடியில் மிஸி தன் குரலில், தன் சொல்லில், தான் நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தி, தான் சிரிக்க நினைத்த இடத்தில் சிரித்துச் சொல்கிறார். அதை வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிருஷாந்த் மிஸியிடம் கேட்டான். மிஸி ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம். சாகித்தியம் வல்ல சான்றோர்களே, எங்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்டு எழுதியிருக்கிறோம்?

மிஸியிடம் கேட்டுக்கொண்டு, ஊர்ப் பாடசாலையின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் மூன்று நிமிடத்தை மட்டும் போட்டுக்காட்டினோம். பாடம் முடிய மணி அடித்தது. ஒருத்தரும் எழும்பவில்லை. என் வாழ்க்கையில் மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பாததை அன்றுதான் கண்டேன்! ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், மேலை வாங்கிலை இருந்த ஒரு பிள்ளையாவது எழும்பி நிலத்திலை இருக்கேல்லையோ?” பரீட்சையில் வராத கேள்வி. பதில் புத்தகத்தில் இல்லாத கேள்வி.

இதற்கிடையில் சில பெரியவர்கள் என்னை வீதியில் மறித்தார்கள். “தயாளினி, ஏன் பிள்ளை பழசைக் கிளறுறாய்? இப்ப ஆர் சாதி பாக்கினம்?” என்றார்கள். ஆரும் பாக்கிறேல்லையோ? மெய்யாகவோ? கலியாணத் தரகர் வாசலுக்கு வந்தால் முதல் கேள்வி என்ன ஐயா? பொடியனுக்குப் பாட்டு வருமோ எண்டோ கேக்கிறியள்?

ஆ! சிரிக்கிறியள்! அங்கை மூலையிலை இருக்கிற மூண்டு பேர் மட்டும் சிரிக்கேல்லை. பேர் சொல்லமாட்டன், பயப்பிடாதையுங்கோ.

கிளறுகிறோமாம்! மடித்தவர்கள் நாங்கள், விரித்தவர்கள் மேல் வழக்கா? மறைத்தவர்கள் நாங்கள், காட்டியவர்கள் மேல் கோபமா? ஐந்து குழந்தைகளை ஆணி அடித்து மூடிவிட்டு, அந்த மூடியின்மேல் பூமாலை போட்டு, சாம்பிராணி காட்டியவர்கள் நாங்கள்! நான்தான் காட்டினேன். ஒவ்வொரு தை மாதமும், தந்தையார் நினைவு நாளில், அந்தப் படத்துக்கு நான் மாலை போட்டேன்.

படம் எடுத்து முடிந்ததும், அதைச் சபையில் காட்ட மிஸியிடம் சம்மதம் கேட்கப் பிள்ளைகளோடு நானும் போனேன். தனியே கதைக்க வேண்டும் என்றேன். “மிஸி, அப்பா செய்ததுக்கு நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்” என்றேன். மிஸி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

“உதை நீ வீட்டுக்குள்ளை வந்து கேக்கிறாய் தயா. கொப்பர் எனக்குச் செய்தது சபையிலை. முழுப் பள்ளிக்கூடமும் பாத்துக்கொண்டு நிண்டது.”

“அதுதான் படத்திலை நீங்கள் சொல்லுறியளே மிஸி...”

“நான் சொன்னால் கோவத்திலை சொல்லுறன் எண்டு விடுவினம். சின்னனுகள் சொன்னால் சின்னனுகளுக்கு என்ன தெரியும் எண்டு விடுவினம். நீ அவரின்ரை மோள். நீ சொன்னால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. மைக்கிலை சொல்லு. அதுக்குப் பிறகு என்ரை முகத்தையும் போடுங்கோ, குரலையும் போடுங்கோ. சொல்லாட்டில் படம் வேண்டாம்.”

இவ்வளவுதான் நிபந்தனை. இந்த மேடைக்கு ஏறும்வரை நான் அதைச் சின்ன விடயம் என்று நினைத்தேன். ஏறிய பிறகுதான் தெரிகிறது.

ஆகவே, அவையோரே! அறிவின் ஆலயமாக விளங்க வேண்டிய அந்தக் கூடத்திலே, அன்பின் ஊற்றாகப் பெருக வேண்டிய அந்த முற்றத்திலே, காலத்தின் கோலத்தால், சூழலின் சுழலால், மரபெனும் மாயையால், மாபெரும் அநீதியொன்று அரும்பி, அது அன்றைய...

என்ன மிஸி?

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். “இலக்கியம் வேண்டாம் தயா. சொல்லு” என்கிறார்.

சரி.

கொஞ்சம் தண்ணி தாங்கோ அண்ணை.

என் தந்தை சிவசுப்பிரமணியம் எங்கள் ஊர்ப் பாடசாலையின் தலைமை ஆசிரியராக இருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு, படம் எடுத்த அன்று, வாங்கின் ஓரத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது. படம் எடுக்க வந்தவர், முன்னால் நின்ற சின்னப் பிள்ளையை அதில் இருக்கச் சொன்னார். பிள்ளை போய் இருந்தது. அதன் பெயர் பத்மாவதி. வயது எட்டு. என் தந்தை கதிரையிலிருந்து எழும்பி வந்து, எல்லோருக்கும் முன்னால், அந்தப் பிள்ளையைக் காதில் பிடித்துத் தூக்கி, நிலத்தில் இருத்தினார். அந்தப் பிள்ளை ஒரு குழப்படியும் செய்யவில்லை. பிள்ளையின் தகப்பன் பனையில் கள்ளுச் சீவுபவர் என்பதுதான் காரணம். சாதிதான் காரணம். பிறகு என் தந்தை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஐந்து பிள்ளைகளையும் மடித்து மறைத்தார்.

அவர் செய்தது பிழை. அவர் எனக்கு நல்ல அப்பா. எனக்கு அவரில் இன்றைக்கும் விருப்பம். அவர் செய்தது பிழை. மற்ற ஊர்களிலும் அப்படித்தான் என்று நான் சாட்டுச் சொல்லமாட்டேன். அடுத்த வருடம் அந்த வாங்கின் ஓரத்தில் நான் இருந்து படித்தேன். ஏன் எனக்கு அந்த இடம் கிடைத்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கண்ட சாட்சியை ‘வேறை படமா இருக்கும்’ என்று சொன்னது என் பிழை. மிஸி, இரண்டு பிழைக்கும் இந்தச் சபையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவ்வளவுதான். நான் வேறு ஒன்றும் ஆயத்தப்படுத்தவில்லை.

மிஸி எழும்புறா.

மைக் வேண்டாமாம். கையைக் காட்டுறா. நீங்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ, மிஸி என்ன சொல்லுறா எண்டு கேப்பம்.

“அழாதை தயா. அழுதால் படம் தெரியாது.”

அப்படியென்றால், சபையோரே, படம் இருக்கிறது! அனுமதி கிடைத்துவிட்டது! கிருஷாந்த், ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்? யன்னலைச் சாத்து! ஆரபி, ஓடு பிள்ளை, புறொஜெக்ரரைப் போடு!

நேரம் தந்த தலைவருக்கு நன்றி. தந்த நேரத்தைவிட அதிகமாக எடுக்கவிட்டதற்கும் நன்றி. மடிப்பை விரித்த இரண்டு பிள்ளைகளுக்கும், தூரத்திலிருந்து பெயர்களைத் திருப்பி அனுப்பிய உறவுகளுக்கும், முல்லைத்தீவிலிருந்து வந்த மாணிக்கராசா ஐயாவுக்கும் நன்றி. பத்மாவதி என்ற பிள்ளைக்கு, என் தந்தையின் பெயராலும் என் பெயராலும், தலை தாழ்த்தி என் வணக்கம்.

கண்ணைத் துடைச்சிட்டன் மிஸி. கொஞ்சம் அரக்கி இருங்கோ, நானும் உங்களுக்குப் பக்கத்திலை வாறன்.